மரச்சட்ட வீட்டின் சுவரில் அட்டை வைத்து வெப்பத்தைத் தடுப்பது: முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் அட்டையை உள்ளே வைப்பதுதான் எளிய பகுதி. அது கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே அட்டையை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஒயருக்காக ஒரு முறை, ஈரத்துக்காக ஒரு முறை என்று வைத்ததையே பிரித்து எடுப்பார்கள். தண்ணீர், மின்சாரம், காற்றுக் கசிவு, அதன் பிறகுதான் அட்டை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வெப்பத்தைத் தடுப்பது காகிதமில்லை, காகிதத்துக்குள் அசையாமல் நிற்கும் காற்று. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்தக் காற்றை அசையவிடாமலும் நனையவிடாமலும் வைத்திருப்பதற்காகத்தான்.

1. உங்கள் சுவருக்கு இது பொருந்துமா?

நான் சொல்வது குத்துச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, வெளிப்பக்கம் பலகையும் உள்பக்கம் ஜிப்சம் போர்டும் அடித்த சுவரைப் பற்றி. இரண்டு குத்துச்சட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் குழி என்று சொல்லிக்கொள்வோம். அட்டை போவது அங்கேதான்.

சில சுவர்களுக்கு அட்டை வேண்டாம். குளியலறையின் ஈரச் சுவர், தரை மட்டத்துக்குக் கீழே இறங்கும் சுவர், வெள்ளம் வந்து போகும் இடம், புகைபோக்கியை ஒட்டிய சுவர் ஆகிய நான்கையும் விட்டுவிடுங்கள். முதல் மூன்றில் அட்டை நனையும். நான்காவதில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அங்கெல்லாம் வேறு பொருள்தான் சரி. புகைபோக்கியைச் சுற்றி ஏதாவது வைப்பதானால், ராக்வூல் போன்ற எரியாத கனிமக் கம்பளி மட்டுமே.

உள்ளூர்க் கட்டட விதியையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுவருக்குள் எரியக்கூடிய பொருளை வைக்கும்போது அதற்குத் தீச்சோதனைச் சான்று வேண்டுமா, மேலே என்ன போர்டு அடிக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அட்டை வாங்கிய பிறகு கேட்டால் பணம் வீண்.

வீடு பழையது என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பழைய பெயின்டில் ஈயமும், பழைய பலகையிலும் பூச்சிலும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் சுவரை உடைக்காதீர்கள். அந்தத் தூசி ஒரு முறை வீட்டுக்குள் பரவிவிட்டால் கூட்டி அள்ளித் தீர்க்க முடியாது.

2. எந்த அட்டை

முதல் தேர்வு, வெப்பத்தடுப்புக்கென்றே தயாரித்து, போரான் உப்பு சேர்த்து, தீச்சோதனையில் தேறிய காகித நார்ப் பலகை. சுவருக்குள் பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கப்போகும் பொருள் இது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நெளி அட்டையால் செய்வதென்றால், நடுவில் இரண்டு நெளி வரிசை உள்ள, சுமார் 7 மி.மீ. தடிமனுள்ள அட்டை வசதியானது. ஒற்றை நெளி அட்டை வகையைப் பொறுத்து 1.5 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். மிக மெல்லியதை எடுத்தால் அதே ஆழத்துக்கு நான்கைந்து மடங்கு தாள் வெட்ட வேண்டியிருக்கும். காகிதம் கூடி, காற்று குறையும்.

நனைந்து காய்ந்த அட்டை, உணவு வந்த பெட்டி, எண்ணெய்க் கறை பட்டது எதுவும் வேண்டாம். அட்டையின் நெளிவை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப் பசை. கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். உணவு வாசனை சேர்ந்தால் எலியும் வரும். ஒரு முறை நனைந்த அட்டையில் பசை விட்டுப்போய் நெளிவு படுத்திருக்கும். அதில் காற்று நிற்க இடமில்லை.

போரான் கரைசலை வீட்டிலேயே தெளித்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போராக்ஸ் சுவாலை பரவுவதை மட்டுப்படுத்தும். போரிக் அமிலம் உள்ளுக்குள் கனன்று புகைவதை மட்டுப்படுத்தும். அதனால்தான் ஆலையில் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். வீட்டில் தெளிக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறாது. அதிகம் தெளித்தால் அட்டை தொய்ந்துவிடும். பூச்சிக்கு அது ஓரளவு உதவும், ஆனால் தீக்காப்பு என்று அதை நம்பாதீர்கள்.

உள்ளே வெறுமையாக இருக்கும் தேன்கூட்டு அட்டை பார்க்கக் கனமாக, நம்பிக்கை தருவதாக இருக்கும். ஆனால் அதன் அறைகள் பெரிது. பெரிய அறைக்குள் காற்று சுழலும், வெப்பமும் கூடவே கடக்கும். சிறிய நெளிவுதான் நமக்கு வேண்டியது.

3. அளவும் கணக்கும்

வெட்டும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எவ்வளவு அட்டை வேண்டும் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

பரவலாகப் பயன்படும் குத்துச்சட்டம் 38 மி.மீ. அகலம், 89 மி.மீ. ஆழம். மையத்திலிருந்து மையத்துக்கு 400 அல்லது 600 மி.மீ. தள்ளி நிறுத்துவார்கள். 89 மி.மீ. ஆழக் குழிக்கு 7 மி.மீ. அட்டை 12 தாள் போகும். அது 84 மி.மீ. கடைசியில் ஒரு மெல்லிய 4 மி.மீ. தாள் வைத்தால் குழி நிறையும்.

அப்படியானால் 10 சதுர மீட்டர் சுவருக்கு? குத்துச்சட்டங்கள், ஜன்னலைச் சுற்றிய சட்டங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கும். மீதி 8 சதுர மீட்டர். 12 அடுக்கு என்றால் 96 சதுர மீட்டர் அட்டை, மெல்லிய கடைசித் தாள் தனியாக 8 சதுர மீட்டர். சேதாரத்துக்கு இன்னும் 10 சதவீதம். ஒரு சின்னச் சுவருக்கே இவ்வளவு. வைக்க உலர்ந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இதனால் என்ன கிடைக்கும்? நெளி அட்டையின் வெப்பக் கடத்தல் சுமார் 0.05 முதல் 0.065 வாட் வரை (ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு). நடுவே 0.055 என்று வைத்தால் 88 மி.மீ. அடுக்கின் வெப்பத்தடை 1.6 (இந்த எண் கூடக் கூட வெப்பம் கடப்பது குறையும்). நல்ல கனிமக் கம்பளியை அதே குழியில் வைத்தால் 2.2-லிருந்து 2.5 வரை கிடைக்கும். வித்தியாசம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒற்றைத் தாள் அட்டையைச் சுவரில் அடித்துவிட்டு அறை மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. 7 மி.மீ. தாளின் தடை 0.13 அளவுதான்.

மரம் அட்டையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். சுவரின் ஐந்தில் ஒரு பங்கான மரத்தின் வழியாக மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான வெப்பம் போகும். எனவே குழியை நிரப்பியதோடு நிற்காமல், முடிந்தால் குத்துச்சட்டங்களுக்குக் குறுக்கே 12 முதல் 20 மி.மீ. காகித நார்ப் பலகை ஒன்றைத் தொடர்ச்சியாக அடியுங்கள். குழியில் கூடுதலாக ஓரிரு தாள் திணிப்பதைவிட இது அதிகப் பயன் தரும்.

4. கையில் இருக்க வேண்டியவை

மர ஈரமானி, நீளமான கட்டர் கத்தி, நிறைய மாற்று பிளேடு, இரும்பு அளவுகோல், அளவு டேப், ஸ்டேப்ளர், சணல் கயிறு, காற்றுக் கசிவை அடைக்கும் சீலன்ட், தண்ணீர் உறிஞ்சாத நுரைப் பட்டை, நீராவித் தடுப்புத் தாளும் அதற்கான டேப்பும், 25 மி.மீ. மரப்பட்டி, ஜிப்சம் போர்டு. முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். போரான் உப்புத் தூசி மூச்சுக்குள் போகக் கூடாது.

ஈரமானியைத் தவிர்த்துவிட்டுக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் அதிகம். 22 சதவீத ஈரம் உள்ள மரம் தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருக்கும்.

5. சுவரைத் திறந்ததும் ஈரத்தைத் தேடுங்கள்

உள்பலகையைக் கழற்றியதும் டார்ச் அடித்து ஒவ்வொரு குழியையும் மேலிருந்து கீழ்வரை பாருங்கள். கறை, கருத்த மரம், துருப்பிடித்த ஆணி, பூஞ்சை வாசனை இவையெல்லாம் தண்ணீர் வந்து போன தடயம். ஜன்னலின் கீழ் மூலைகள் இரண்டையும் மிகக் கவனமாகப் பாருங்கள். பெரும்பாலான கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

இதுவரை அந்தக் கசிவு சுவரைக் கெடுக்காமல் இருந்ததற்குக் காரணம், குழி காலியாக இருந்ததால் நனைந்தது காய்ந்துவிட்டது. அட்டை வைத்த பிறகு அப்படிக் காயாது. அட்டை தண்ணீரை உறிஞ்சி மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எனவே கசிவை வெளியிலிருந்து சரிசெய்யுங்கள். உள்ளிருந்து சீலன்ட் அடித்தால் தண்ணீர் வேறு வழி தேடும்.

அடிச்சட்டம், குத்துச்சட்டத்தின் அடி, ஜன்னலுக்குக் கீழ் என்று பல இடத்தில் ஈரமானியைக் குத்துங்கள். 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடரலாம். 20-க்கு மேல் என்றால் சுவரைத் திறந்தே வைத்து, காற்றோட்டம் கொடுத்துக் காத்திருங்கள். உளுத்த மரத்தை மாற்றுங்கள், கரையான் தடம் இருந்தால் அதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள்.

வெளிப்பலகைக்குப் பின்னால் மழைத்தடுப்புத் தாள் இல்லாத பழைய வீடுகள் உண்டு. வெளிப்பலகைகள் நேராகக் குத்துச்சட்டத்திலேயே அடிக்கப்பட்டிருக்கும். அங்கே அட்டை அந்தப் பலகைகளைத் தொடவே கூடாது. குழியின் இரு பக்கமும் 20 மி.மீ. மரப்பட்டி அடித்து, அதன்மேல் நீராவியை விடுகிற, தண்ணீரை விடாத தாளை இழுத்துக் கட்டி, அதற்கு உள்ளே அட்டையை வையுங்கள். புகுந்த மழைநீர் அந்த 20 மி.மீ. இடைவெளியில் வழிந்து வெளியேறும். கீழே வழி அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். குழியின் ஆழம் இதனால் குறையும், அட்டைக் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

6. ஒயரும் குழாயும்

மெயினை அணைத்துவிட்டு ஒரு மின்பணியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஒயரின் உறை வெடித்திருந்தால், பீங்கான் குமிழ்களில் தாங்கிப் போகும் பழைய ஒயராக இருந்தால், மாற்றாமல் அட்டை வைக்கக் கூடாது. அந்த ஒயர் சுற்றியுள்ள காற்றில் சூட்டை விட்டுத்தான் பிழைக்கிறது. அதை மூடினால் சூடு தேங்கும்.

புதிய ஒயருக்கும் இது ஓரளவு பொருந்தும். வெப்பத்தடுப்புக்குள் புதைந்த ஒயர் தாங்கும் மின்னோட்டம் குறையும். ஏசி, ஹீட்டர் போன்ற பெரிய சுமை அந்தச் சுவரில் ஓடினால் ஒயரின் தடிமன் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு உள்ளே அட்டைத் துண்டு எதுவும் போகக் கூடாது. சுவருக்குள் பதித்த விளக்கு இருந்தால் அதை வெளியே மாற்றுவதே நல்லது.

தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரடிக்கும் இடங்களில் தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரில் போனால், அட்டை குழாய்க்கு வெளிப்பக்கம் மட்டும் இருக்கட்டும். உள்பக்கமும் மூடினால் அறையின் சூடு குழாய்க்குப் போகாது, தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். குழாயில் பற்றவைப்பு வேலை ஏதும் இருந்தால் அதை அட்டை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

7. காற்று ஓட்டைகளை அடையுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. செலவு குறைவு, பலன் அதிகம்.

மேல்சட்டத்தில் ஒயருக்காகப் போட்ட துளை, அடிச்சட்டம் தரையைத் தொடும் கோடு, வெளிப்பலகைகளின் இணைப்பு, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய இடுக்கு, சுவிட்ச் பெட்டியின் பின்புறம் எல்லாவற்றையும் சீலன்டால் அடையுங்கள். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் துளைகளுக்குத் தீ தாங்கும் சீலன்ட் வேண்டும். குழி ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யாமல் இருக்க அது அவசியம்.

ஓட்டை இருந்தால் எவ்வளவு தடிமனான அட்டையும் மூடி சரியாக உட்காராத ஃபிளாஸ்க் கதைதான். அதோடு காற்றுக் கசிவு நீராவியையும் கூட்டிவரும். பலகையின் வழியே ஊறி வருவதைவிட ஓட்டை வழியே காற்றோடு வருகிற நீராவி மிக அதிகம்.

8. வெட்டுதல்

ஒவ்வொரு குழியின் அகலத்தையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, அந்தக் குழிக்கு ஒரு எண் எழுதுங்கள். குத்துச்சட்டம் நேராக இருப்பது அரிது. ஒரே அளவில் எல்லாவற்றையும் வெட்டி வைத்தால் பாதி தளர்வாகும், பாதி நுழையாது.

குழியின் அகலத்தைவிட 1 முதல் 2 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். ஓரம் மரத்தில் லேசாக உரசி நிற்க வேண்டும். அதற்கு மேல் கூட்டினால் தாள் நடுவில் புடைக்கும். குறைத்து வெட்டினால் ஓரத்தில் மெல்லிய சந்து விழும். அந்தச் சந்தில் காற்று ஏறி இறங்கி, அடுக்கின் முன்னும் பின்னும் சுற்றி வரும். அட்டை உள்ளேதான் இருக்கும், சுவர் பழையபடியே இருக்கும்.

நெளிவுகள் படுக்கைவாக்கில், ஒரு குத்துச்சட்டத்திலிருந்து அடுத்ததுக்கு ஓடும்படி வெட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் ஒவ்வொரு நெளிவும் மேலும் கீழும் திறந்த ஒரு சின்னக் குழாய். படுத்திருந்தால் இரு முனையும் மரத்தில் முட்டி அடைபடும்.

மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய ஓரத்தில் காற்று இல்லை. தயங்காமல் பிளேடை மாற்றுங்கள். உயரத்தில் 60 முதல் 80 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் கையாள எளிது, தன் எடையில் சரியவும் செய்யாது.

9. அடுக்குதல்

நான்கு தாளை ஆங்காங்கே பசைப் பொட்டு வைத்து ஒரு கட்டாக ஒட்டிக்கொள்ளுங்கள். தனித்தனித் தாளாக நுழைப்பதைவிடக் கட்டு விறைப்பாக நிற்கும். பசையை முழுப் பரப்பிலும் பூசாதீர்கள், அட்டை ஈரம் குடித்து வளையும். ஒட்டிய கட்டு நன்றாக உலர்ந்த பிறகே சுவருக்குள் போக வேண்டும்.

அடிச்சட்டத்தின் மேல் முதலில் 20 மி.மீ. நுரைப் பட்டை. எப்போதாவது கசிந்த தண்ணீர் வந்து தங்குகிற இடம் அது. அட்டையின் அடி நேராக அதில் உட்கார்ந்தால் திரி போல உறிஞ்சி மேலே ஏற்றிவிடும்.

அப்புறம் கட்டுகளைக் கீழிருந்து மேலாக வையுங்கள். முதல் அடுக்கின் இணைப்பு 70 செ.மீ. உயரத்தில் வந்தால் அடுத்த அடுக்கில் அது 35-இல் வரட்டும். இணைப்புகள் ஒரே கோட்டில் விழுந்தால் வெளியிலிருந்து உள்ளே வரை நேர்ச் சந்து கிடைத்துவிடும்.

ஒயர் வரும் இடத்தில் அதற்கு முன்னால் அட்டையை அழுத்தித் திணிக்காதீர்கள். எந்த ஆழத்தில் ஒயர் போகிறதோ அந்தத் தாளில் மட்டும் அதன் அகலத்துக்குப் பள்ளம் வெட்டி, மற்றத் தாள்களை முழுசாக விடுங்கள். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் மெல்லிய தாள்கள் போகும் அளவுக்கு வையுங்கள், சுற்றிலும் அளவாக வெட்டுங்கள்.

குழி நிறைந்ததும் சணல் கயிற்றைக் குத்துச்சட்டம் விட்டுக் குத்துச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். உள்பலகை ஏறும்வரை கட்டுகள் முன்னால் சாயாமல் நிற்கும்.

10. நீராவித் தாள் எந்தப் பக்கம்

இதைத் தவறாகச் செய்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் சுவர் அழுகும். நீராவி பெரும்பாலும் சூடும் ஈரமும் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். தடுப்பு அது புறப்படும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குளிர் நாட்டில் வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று சுமார் 9 டிகிரிக்குக் குளிர்ந்ததும் நீர்த்துளியாகிவிடும். குளிர்காலத்தில் வெளிப்பலகையின் உள்முகம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் அங்கே நீராவித் தடுப்புத் தாள் அறைப் பக்கம், அட்டைக்கு மேல் வர வேண்டும்.

வெக்கையும் புழுக்கமும் நிறைந்த இடத்தில் ஏசி ஓடும் வீட்டில் நிலைமை தலைகீழ். வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரியிலேயே நீர்த்துளியாகத் தொடங்கும். உள்ளே 24 டிகிரியில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தால் அதன் பின்முகம் வியர்க்கும், அட்டை அதைக் குடிக்கும். அங்கே உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். பிளாஸ்டிக் சுவர்த்தாளும் அதே வேலையைத்தான் செய்யும், அதுவும் வேண்டாம். உள்முகம் நீராவியை விடும் சாதாரணப் பெயின்டாக இருக்கட்டும். வெளிப்பக்கத் தாள் நன்றாகக் காற்றடைப்பாக இருக்கட்டும்.

கடுங்குளிரும் கடும் புழுக்கமும் மாறி மாறி வரும் இடத்தில், ஈரத்துக்கு ஏற்ப நீராவியை விடும் அளவை மாற்றிக்கொள்ளும் தாள்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் அட்டை வைத்த சுவருக்கு அது தகும்.

எந்தத் தாளானாலும் இணைப்பில் 10 செ.மீ. மேலேற்றி, அதற்கென்றுள்ள டேப் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் அடிப்பது எந்த ஊரிலும் தவறு. ஒரு பக்கமாவது சுவர் காய வழி வேண்டும்.

11. மூடுதல்

தாளின் மேல் 25 மி.மீ. மரப்பட்டிகளை, உங்கள் ஜிப்சம் போர்டுக்குச் சொல்லப்பட்ட இடைவெளியில், படுக்கையாகக் குத்துச்சட்டங்களில் அடியுங்கள். உள்ளே கட்டுகளை அழுத்திப் பிடிப்பதோடு, முன்னால் ஒயர் ஓட ஓர் இடமும் கிடைக்கும். பின்னாளில் ஒரு பிளக் கூட்ட வேண்டுமென்றால் தாளைக் கிழிக்க வேண்டாம்.

அதன்மேல் குறைந்தது 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. ஜிப்சத்தில் வேதியியலாகக் கட்டுண்ட நீர் இருக்கிறது. தீ வந்தால் அது ஆவியாகும்வரை பின்னால் உள்ள அட்டைக்குச் சூடு எளிதில் போகாது. வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியேற அந்த நேரம் தேவை. அழகுக்காக மெல்லிய மரப்பலகை மட்டும் அடித்து மூடிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மரப்பலகை வேண்டுமென்றால் ஜிப்சத்துக்கு மேலே அடியுங்கள். போர்டு இணைப்புகளை டேப்பும் பூச்சும் வைத்து முழுதாக அடையுங்கள். முன்பு சொன்ன தொடர்ச்சியான நார்ப் பலகை அடிப்பதாக இருந்தால் அது குத்துச்சட்டத்துக்கும் நீராவித் தாளுக்கும் நடுவே போக வேண்டும்.

12. முடித்த பிறகு

மூடும் முன் ஒவ்வொரு குழியையும் புகைப்படம் எடுத்து, பக்கத்தில் அளவு டேப் தெரியும்படி வையுங்கள். ஒயர் எங்கே, குழாய் எங்கே என்று பிறகு தேட வேண்டியதில்லை.

முதல் பலத்த மழைக்குப் பிறகு ஜன்னலின் கீழ் மூலைகளில் ஈரமானி வைத்துப் பாருங்கள். வெளியும் உள்ளும் வெப்பம் நன்றாக வேறுபடும் நாளில் அகச்சிவப்பு வெப்பமானியால் சுவரைக் கோடு கோடாக அளந்தால், குத்துச்சட்டம் உள்ள இடம் மெல்லிய பட்டையாகத் தெரியும். அது இயல்பு. குழியின் நடுவிலோ மேல் மூலையிலோ திட்டு தெரிந்தால் அங்கே அட்டை சரிந்திருக்கிறது அல்லது காற்று புகுகிறது. திட்டில் ஈரமும் சேர்ந்து காட்டினால் காத்திருக்காமல் அந்தக் குழியை மட்டும் திறந்து, நனைந்த தாள் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். நனைந்த நெளி அட்டையைக் காயவைத்துத் திரும்ப வைக்க முடியாது. கசிவை நிறுத்தி, மரம் 18 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு புதுக் கட்டு வையுங்கள்.